பூஜ்ஜியம் எழுதிய திங்கட்கிழமைகள்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. ஈரோட்டில் கிளம்பி, ராத்திரி சேலம் ஜங்ஷனில் நின்று, விடிவதற்குள் சென்னை போய்ச் சேரும் வண்டி. மலைக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான் உறவு. ஆனால் 2008-ல் ஒரு நாள், ஏற்காட்டு மலையிலிருந்து கொண்டு வந்த ஒரு பொருளை நிஜமாகவே அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மடியில் நீல நிறக் கேரியர் பெட்டி. வண்டி நகர்ந்ததும் எதிர் சீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

“பெட்டிக்குள்ள என்ன சார், மீனா?”

“இல்லைங்க.”

“ஐஸ் வெச்சிருக்கீங்க போல. தண்ணி கசியுது பாருங்க.”

“மருந்து மாதிரி ஒண்ணு.”

மருந்து இல்லை. நாலு வயசுப் பையன் ஒருவனின் மலம். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்தது. இரண்டு டப்பாவிலும் கட்டை விரல் அளவு. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வேறு பெட்டிக்கு மாறியிருப்பார், எனக்கும் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்திருக்கும். ஏனோ சொல்ல மனசு வரவில்லை.

அந்த மலத்தை எப்படி எடுப்பது, எத்தனை கிராம், எத்தனை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது, எந்தப் படிவத்தை எங்கே ஒட்டுவது என்கிற வழிமுறையெல்லாம் உலக சுகாதார நிறுவனத்துடையது. பெட்டியைத் தூக்கிய நான் தமிழ்நாடு அரசின் சுகாதார ஆய்வாளர். பெட்டி போய்ச் சேர வேண்டிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் மாநில அரசுடையதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த போலியோ ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. ஒரு சர்வதேச அமைப்பு ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கு எப்படி உதவுகிறது என்று யாராவது கேட்டால், எனக்கு ஜெனீவாவில் இருக்கும் அதன் தலைமையகக் கட்டடம் நினைவுக்கு வராது. கசிந்துகொண்டிருந்த அந்தப் பெட்டிதான் வரும்.

ஊரில் இதைப் பற்றி வேறு கற்பனை. “டபிள்யூ.எச்.ஓ.வா? வெளிநாட்டுப் பணம் கொட்டுமே!” என்று என் மைத்துனரே கேட்டிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் நீலக்கொடி கட்டிய வண்டியில் வந்து ஊசி போடுவார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் அவர்கள் ஆள் ஒருவர் ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. சொட்டு மருந்து விட்டது நம் கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். சம்பளம் கொடுத்தது நம் அரசு. அப்படியானால் அவர்களுக்கு என்ன வேலை?

ஒரு ஆள் வருவார். அவ்வளவுதான். 1997-ல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து போலியோ கண்காணிப்புக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதில் சில மாவட்டங்களுக்கு ஒரு கண்காணிப்பு மருத்துவ அலுவலர் என்று போட்டார்கள். நாங்கள் எஸ்.எம்.ஓ. என்போம். எங்களுக்கு வந்தவர் ஆந்திராக்காரர். வாடகை ஜீப், ஒரு லேப்டாப், தெலுங்கு வாடையடிக்கும் தமிழ். எனக்கு ஒரு மெமோ கொடுக்கக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் போய் ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டுமென்றாலும் நயமாகப் பேசித்தான் பார்க்க வேண்டும். அதிகாரமே இல்லாத ஒருவர் மாவட்டத்தையே எப்படி ஓட வைத்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். கேள்வி கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார், கேட்டதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த மாதமும் வந்து கேட்டார்.

அவர் கேட்டதில் முக்கால்வாசி பூஜ்ஜியத்தைப் பற்றித்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போலியோவைத் தேடுகிறவர்கள் போலியோவை நேரடியாகத் தேடுவதில்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காவது கையோ காலோ திடீரென்று தொய்ந்து போனால், காரணம் எதுவாக இருந்தாலும், அதை ‘ஏ.எஃப்.பி.’ என்று பதிய வேண்டும். பிறகுதான் போலியோவா இல்லையா என்கிற கேள்வி. போலியோவே இல்லாத ஊரிலும் வேறு காரணங்களால் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்காவது இப்படி வரும். உலக அளவில் அதுதான் குறைந்தபட்ச அளவுகோல். இந்தியாவில் இரண்டு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இன்னும் இறுக்கி வைத்திருந்தார்கள். சேலம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 34.8 லட்சம் பேர். கால்வாசிப் பேர் பதினைந்துக்குக் கீழே என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்குப் பதினேழு குழந்தைகளைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆறுதான் வந்தது என்றால், “நோய் குறைவு, சந்தோஷம்” என்று யாரும் கைதட்ட மாட்டார்கள். மீதிப் பதினோரு பேர் எங்கே என்று கேட்பார்கள்.

அரசாங்க வேலையில் ஊறிய எனக்கு இது தலைகீழ் கணக்காகத் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்த நியாயம், நோய் இல்லை என்று எழுதினால் நல்ல ஊழியர் என்பதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ‘நில் ரிப்போர்ட்’ அனுப்ப வேண்டும். போன வாரம் யாருக்கும் கால் தொய்யவில்லை, பூஜ்ஜியம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது. முதல் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே டீ குடித்துக்கொண்டு பூஜ்ஜியம் போட்டவன்தான் நானும். அந்த எஸ்.எம்.ஓ. டாக்டர் ஒரு நாள் என் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, “ஐயா, இந்த ஜீரோ பார்த்துப் போட்டதா, பார்க்காமப் போட்டதா?” என்றார். குரலில் கோபம் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போட ஆரம்பித்தேன்.

பார்ப்பது என்றால் மலையில் லேசான காரியம் இல்லை. சேர்வராயன் மலையில் அறுபதுக்கு மேல் கிராமங்கள். டவுனில் ஏரியும் படகும் பார்த்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவர்களுக்கு நாகலூர், மாரமங்கலம், கொட்டச்சேடு என்று ஊர்கள் இருப்பதே தெரியாது. அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பேசுவது தமிழ். காபித் தோட்டத்து வேலை, மிளகு, கொஞ்சம் சாமை. பிள்ளைக்குக் கால் இழுத்துக்கொண்டால் முதலில் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். சுளுக்கு வழிக்கிறவரிடம் போவார்கள், அல்லது கோயிலுக்கு.

டாக்டர் செய்த காரியம், சுளுக்கு வழிக்கிற பாட்டியைத் தேடிப் போனார். மாவட்டத்துத் தகவல் தருபவர்கள் பட்டியலில், பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தை நல மருத்துவர்கள் பெயருக்குக் கீழே, அந்தப் பாட்டியின் பெயரையும் எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. படித்தவர்கள் பட்டியலில் எண்ணெய்க் கிண்ணியோடு ஒருவர்! ஆனால் இது அவருடைய தனி யோசனை இல்லை. உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் நாட்டு வைத்தியர், பூசாரி என்று எல்லோரையும் இப்படித்தான் சேர்த்திருந்தார்களாம். பாட்டியிடம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “கை கால் தொங்கிப்போன பிள்ளை யாராவது வந்தா, நீங்க வழிச்சு விடுங்க, வேணாங்கல. ஆனா இவருக்கு ஒரு போன் பண்ணிடுங்க.” என்னைக் காட்டினார்.

அந்த ஒரு போன் 2008-ல் வந்தது.

“சாமி, ஒரு பையனத் தூக்கியாந்திருக்காங்க. சுளுக்கு இல்ல. எண்ணெ போட்டுப் பாத்தேன், காலுல சத்தே இல்ல. துணி மாதிரி கெடக்குது.”

தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. ஆனால் 2008-ல் நாட்டில் 559 பேருக்கு வந்திருந்தது, பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும். சேலத்தில் எந்தக் கட்டட வேலையைப் பார்த்தாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் இருப்பார்கள். அதனால் போன் வந்ததும் வயிற்றைக் கலக்கியது உண்மை. ஜீப் போகாத கடைசி இரண்டு மைல் நடந்து போனோம். பையன் வாசலில் சாக்கின்மேல் உட்கார வைத்தபடி உட்கார்ந்திருந்தான். டாக்டர் முழங்காலைத் தட்டினார், கால் அசையவில்லை. என்றைக்கு ஆரம்பித்தது என்று அம்மாவிடம் கேட்டால் தேதி தெரியவில்லை. “சந்தைக்குப் போன மறுநாள்” என்றாள். சந்தைக் கிழமையை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டாம் நாள். கால் தொய்ந்த பதினாலு நாளுக்குள் மாதிரி எடுத்தால்தான் வைரஸ் இருந்தால் சிக்கும். ஆறு நாள் கையில் இருந்தது.

இங்கே ஒரு ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஒரு குழந்தையைப் பத்து நாள் வைத்திருந்து, எங்களுக்குத் தகவலே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தபோது இருபத்து மூன்றாம் நாள். எடுத்த மாதிரி இருந்தும் இல்லாதது போலத்தான். படித்தவர் பட்டியலில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. பாட்டி எட்டாம் நாளே போன் பண்ணினார்.

சரி, மாதிரி. நாலு வயசுப் பையனை நாம் கேட்கிற நேரத்தில் போக வைக்க எந்த வழிமுறைப் புத்தகத்திலும் வழி கிடையாது. முதல் நாள் பெரிய சிரமமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வரை அவன் வீட்டு வாசலில் காபிக் கொட்டை காயும் களத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பாட்டிதான் வெந்நீரும் வாழைப்பழமும் கொடுத்து வழி பண்ணினார். கேரியரில் ஐஸ் பேக் நாலு. ஆய்வகத்துக்கு 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். பஸ்ஸில் இறங்கி ஜங்ஷனுக்கு வந்து ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்தேன். மீதிதான் உங்களுக்குத் தெரியுமே.

முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. போலியோ இல்லை. நரம்பைத் தாக்கும் வேறொரு கோளாறு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். போலியோ இல்லை என்று முடிவு வந்த பிறகும் விடமாட்டார்கள். அறுபதாம் நாள் மறுபடி போய், கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். போனோம். பையன் எங்களைப் பார்த்ததும் ஓடிவிட்டான். மறுபடி டப்பாவோடு வந்துவிட்டார்கள் என்று பயம். ஓடினான் என்பதையே டாக்டர் குறித்துக்கொண்டார்.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி மேற்கு வங்கத்து ஹௌராவில், 2011 ஜனவரி 13-ல் நோய் கண்ட ஒரு பெண் குழந்தை. 2009-ல் 741, 2010-ல் 42, 2011-ல் ஒன்று. அதற்குப் பிறகு மூன்று ஆண்டு பூஜ்ஜியம் எழுதி, அந்தப் பூஜ்ஜியங்களை நம்பலாம் என்று ஆன பிறகுதான், 2014 மார்ச் 27-ல், உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து வைத்திருக்கும் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியமே போலியோ இல்லாத பகுதி என்று சான்று கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைக் கட்டிய செங்கற்களில் எங்கள் மலைப் பையனின் டப்பாவும் ஒன்று என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

போலியோவை மட்டும் சொல்லிவிட்டு ஒரு சின்னச் சதுரத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வெளிர்ச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் மருந்து வீண், தூக்கிப் போட வேண்டியதுதான். 1996 வாக்கில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் முயன்று சொட்டு மருந்துக் குப்பிகளில் கொண்டு வந்தது இது. அதற்கு முன்னால் கரண்ட் போன ராத்திரிக்கு மறுநாள் மருந்து நல்லதா கெட்டதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சந்தேகத்தில் நல்ல மருந்தையும் கொட்டியிருக்கிறோம். கெட்டதைக் கொடுத்தும் இருப்போம். அந்தச் சதுரம் வந்த பிறகு எட்டாம் வகுப்பு படித்த அங்கன்வாடி ஆயாவும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முடிவு சொல்லலாம் என்று ஆனது.

மலையில் எங்களுக்கு வேறொரு சிக்கல், குளிர். சில தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் அடுக்கினால் ஊசி மருந்து உறைந்துபோகும். அதனால் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்கிற வரை காத்திருக்க வேண்டும். டிசம்பர்க் காலை ஏழு மணி, பனி மூட்டம். வாசலில் நாலு செவிலியர்கள் ஆளுக்கொரு ஐஸ் பேக்கைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பக்கம் போன சுற்றுலாப் பயணி ஒருவர் நின்று போட்டோ எடுத்தார். என்ன நினைத்தாரோ.

இதற்கெல்லாம் தாய் பெரியம்மை ஒழிப்பு. என் அப்பாயி முகம் முழுக்கத் தழும்பு. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, “அவ தொட்டுட்டுப் போனது” என்பாள், பெருமையும் பயமுமாக. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி வைப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். 1967-ல் உலகத்தில் ஒரு கோடிக்கு மேல் பேருக்கு அந்த நோய் வந்தது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வேலையை முடுக்கிவிட்டது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டும் ஒரே காரியத்துக்கு உதவின. எல்லோருக்கும் ஊசி போடுவதைவிட, நோய் கண்ட வீட்டைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி ஊசி போடுவது பலித்தது. எனக்குப் பயிற்சி கொடுத்த சீனியர் ஒருவர் அந்தக் காலத்து அட்டை ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அம்மை கண்ட குழந்தையின் படம் போட்டது. அதை நீட்டி “இப்படி யாருக்காவது இருக்கா?” என்று சந்தையிலும் பள்ளியிலும் கேட்பார்களாம். கடைசிக் கட்டத்தில் தகவல் சொன்னவருக்கு ஆயிரம் ரூபாய் வரை பரிசு. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் முடிந்தது, 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பாட்டிக்கு நாங்கள் பரிசு எதுவும் கொடுக்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

காசநோய்க் கதையையும் இரண்டு வரியில் சொல்கிறேன். மலைக்காற்று பட்டால்தான் காசம் தீரும், சத்தான சாப்பாடும் ஓய்வும் வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து ஒரு மையம் தொடங்கின. வீட்டிலேயே, நெரிசலான ஏழைக் குடியிருப்பிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் படுக்க வைத்தவர்களுக்கு இணையாகவே குணமானார்கள் என்று 1959-ல் அங்கிருந்து முடிவு வெளிவந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னை ஏழைகளுக்குப் பங்கு உண்டு. இங்கே யார் யாருக்கு உதவினார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்திடம் குறையே இல்லையா? உண்டு. கொரோனா வந்தபோது பொதுமக்கள் எல்லோரும் முகக்கவசம் போடலாம் என்று அவர்கள் சொல்ல 2020 ஜூன் ஆனது. அதற்கு முன்பே நம்மூர்ச் சேலைக்கடைகளில் கவசம் தைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்கிற குணம் மருந்துக்குச் சரி, துணிக்குச் சரியா என்று நான் அப்போதே முணுமுணுத்தேன். பணமும் ஒரு சிக்கல். உறுப்பு நாடுகள் கட்டாயச் சந்தாவாகக் கட்டியது பல ஆண்டுகளாக மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மீதியில் பெரும்பகுதி, கொடுப்பவர்கள் ‘இதற்கு மட்டும்’ என்று சொல்லிக் கொடுப்பது. போலியோவுக்குக் கொடுப்பவர் உண்டு, பாம்புக்கடிக்குக் கொடுப்பவர் குறைவு. 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்ததும் பல நாடுகளில் ஆள்குறைப்பு வரை போனது. இந்தியாவில் போலியோவுக்குப் போட்ட அந்தக் கட்டமைப்பின் செலவை நம் அரசே மெல்ல ஏற்றுக்கொண்டு வருகிறது. சரியான வழிதான் என்று தோன்றுகிறது. விருந்தாளி எத்தனை நாள் சமையல் கற்றுக்கொடுப்பார்?

ஆனால் அந்த ஆள் தேவைப்பட்ட நாளும் உண்டு. 2017 பிப்ரவரி, தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும். முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. அப்போது நான் கீழே சமவெளியில் வேலை பார்த்தேன். ஒரு பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம், பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அரசாங்கக் குரலில் பேசினேன், யாரும் கேட்கவில்லை. அப்போது இருந்த எஸ்.எம்.ஓ. ஒரு பெண் மருத்துவர். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, கத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் போனை வாங்கி, அந்தச் செய்தியைக் கடைசி வரை கேட்டார். “இதுல எந்த இடம் உங்களுக்குப் பயமா இருக்குங்க?” என்றார். அரை மணி நேரம் பேசினார்கள். அந்த அம்மா அன்றைக்குப் போட வைக்கவில்லை. மறுவாரம் தானாகக் கூட்டி வந்தாள். மற்ற பள்ளிப் பிள்ளைகளுக்காக வீடு வீடாகப் போய், போடாதவர்கள் எத்தனை, ஏன் என்று எழுதியெழுதியே முகாம் முடிந்தது.

நான் ஓய்வு பெற்று வருஷங்களாகிவிட்டன. சேலத்தில் மாமாங்கம் பக்கம் வீடு. மாடியிலிருந்து பார்த்தால் மழை நாளில் மலை தெரியாது, மற்ற நாளில் தெரியும். பாட்டி இன்னும் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, கை மட்டும் பழைய கை. புதிதாக வந்த ஆய்வாளர் நம்பரைப் பேத்தி போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கும் பேசுகிறாராம். இருந்தாலும் எனக்கும் பேசுவார்.

“புதுசா வந்த ஆபீசர் பையன் நல்லாத்தான் பேசுது, சாமி. எழுதிக்கிட்டேன் பாட்டின்னு சொல்லுது. ஆனா மழை பேஞ்சுதா, மொளகு காச்சிருக்கான்னு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

“சரி, மழை பேஞ்சுதா?”

“பேஞ்சுது. யாருக்கும் காலு இழுக்கல.”